பள்ளத்தில் வேர் காயப்போட்ட ஆண்டு

எங்கள் திராட்சைத் தோட்டத்தை வீட்டில் யாரும் தோட்டம் என்று சொல்வதில்லை. மேடு, நடு, பள்ளம் என்று மூன்றாகவே சொல்வோம். மலாக்காவில், காஜா பேராங் சாலையிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து, வயல் தொடங்கும் இடத்தில் முடிகிறது. நடந்து கடப்பதற்கு நேரமே ஆகாது. ஆனால் அதற்குள் மண் மூன்று முறை மாறிவிடும்.

மேட்டில் செம்புறாங்கல் பொடிந்த சரளை. இந்த ஊரில் சாலை போடத் தோண்டி எடுக்கிற அதே சிவப்புக் கல்தான். மண்வெட்டி போட்டால் கை அதிரும். நடுவில் மண் பழுப்பாக, பொலபொலவென்று இருக்கும். முன்பு இங்கே குடியிருந்தவர்கள் அடுப்புச் சாம்பலையும் சிப்பி ஓட்டையும் அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் கிளறினால் ஓட்டுத் துண்டுகள் வரும். பள்ளத்தில் வயலின் களிமண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது.

மூன்றிலும் ஒரே வகைக் கொடிதான். அப்பா திண்டுக்கல் பக்கத்துக்காரர். ரோட்டு வேலைக் கங்காணியாக மலாக்காவுக்கு வந்தவர். ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்பியபோது, பன்னீர்த் திராட்சைப் போத்துகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்தார். குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியைச் சாக்கில் ஊற்றினாராம். அம்மா இதை யார் வந்தாலும் சொல்வார்: "நான் ஒரு மூலையில வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கேன். இவரு கட்டுன பொண்டாட்டிக்குத் தண்ணி கொடுக்காம குச்சிக்குத் தண்ணி கொடுக்குறாரு."

இந்த ஊர் திராட்சைக்கான ஊர் அல்ல. கொடிக்கு ஓய்வு கொடுக்கும் குளிரும் இல்லை, வறட்சியும் இல்லை. இலை உதிராது, இலையைப் பிடித்த பூஞ்சையும் விடாது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பந்தல் முழுக்கத் தெளித்து, கவாத்து செய்து, வெடித்த பழத்தைக் கொத்திலிருந்து கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நீக்கித்தான் ஒரு மகசூல் எடுக்க முடியும். சந்தைக்குப் போகிற அளவுக்கு அந்தப் பழம் நிற்காது. அதனால் நாங்கள் பழத்தைப் பிழிந்து புளிக்கவைத்துத் திராட்சை ரசம் ஆக்கினோம். கிறிஸ்துமஸ், கல்யாணம், ஞானஸ்நானம் என்று எங்கள் கோவிலைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் வந்து வாங்கிப்போவார்கள்.

மண்ணின் வித்தியாசம் ரசத்தில்தான் தெரியும். மேட்டுப் பழம் சிறியது, தோல் தடித்தது. ஒரு கொத்து எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் ரசம் கறுப்பாக இருக்கும், நாக்கின் இரு ஓரங்களையும் இழுத்துப் பிடிக்கும், ஆறு மாதம் கழித்தே சாந்தமாகும். நடுவின் ரசத்தில் ரோஜாப்பூ வாசம் உண்டு. அம்மாவுக்குப் பிடித்தது அது. அம்மா குடிக்க மாட்டார். ஜாடியின் மூடியை எடுத்து மோந்து பார்த்து, எந்த இடத்து ரசம் என்று சரியாகச் சொல்லிவிடுவார். பள்ளத்துக் கொடிகள்தான் பார்க்க அழகானவை. தண்டு பருத்து, இலை அகன்று, கொத்து கொத்தாய்த் தொங்கும். பழத்தைக் கடித்தால் தண்ணீர். அந்த ரசம் வெளிறிப்போய் இருக்கும். சர்க்கரை போடாவிட்டால் சில வாரங்களில் காடியாகிவிடும்.

அந்தக் காடிக்கு ஒரு ரசிகை இருந்தார். அடுத்த வீட்டுச் செட்டி மாமி. தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் வாழ்கிற குடும்பம். நெற்றியில் திருநீறு, வீட்டுப் பேச்சு மலாய், நடுநடுவே மாமா, மாமி, பொங்கல் என்று தமிழ் எட்டிப்பார்க்கும். அச்சார் ஊறுகாய்க்கு எங்கள் பள்ளத்துக் காடிக்கு ஈடு எதுவும் இல்லை என்பார். அப்பாவுக்கு அந்தப் பாராட்டு பிடிக்காது.

நான் சிங்கப்பூரில் மருந்து கலக்கும் பயிற்சி முடித்து, இங்கே ஆஸ்பத்திரி மருந்தறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ரசத்துக்கு ஓர் அளவு வந்தது. நோயாளியின் சிறுநீர் எவ்வளவு கனம் என்று பார்க்கிற சிறிய மிதவைக் கண்ணாடி உண்டு. திராட்சைச் சாற்றில் சர்க்கரை கூடினாலும் மிதவை உயரும். புதிதாக ஒன்றை வரவழைத்து வீட்டில் வைத்துக்கொண்டேன். புதிது என்று எத்தனை முறை சொன்னாலும் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் செங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருவார்.

"மூத்திரக் கண்ணாடியில திராட்ச ரசம் பாக்குற மொத ஆளு ஒலகத்துலயே நீதான், தங்கச்சி."

"புதுசுண்ணே. பெட்டியக்கூட வச்சிருக்கேன், பாக்குறியா?"

"கண்ணாடி புதுசு. புத்தி பழசு."

அந்தக் கண்ணாடியின் கோடுகள் சாற்றுக்குப் போதாது. சிறுநீர் அவ்வளவு இனிப்பதில்லை. அதனால் பாதிச் சாறு, பாதித் தண்ணீர் கலந்து, காட்டிய எண்ணை இரட்டிப்பேன். இரண்டு மகசூல் பார்த்ததில் கணக்கு நிலைத்துவிட்டது. மேடு எண்பதைத் தொடும். நடு எழுபதுக்குச் சற்று மேலே நிற்கும். பள்ளம் ஐம்பதைத் தாண்டியதே இல்லை. எழுபதுக்குக் கீழே உள்ள சாறு சர்க்கரை இல்லாமல் ரசமாக நிலைக்காது என்பது ஜாடிகளைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்திருந்தது. அப்பா என் எண்களைக் கேட்டு, "இதத்தான என் நாக்கு இருபது வருசமா சொல்லுது" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

ஐரோப்பாவில் போர் தொடங்கியது. முதலில் ஆஸ்பத்திரியில் சில மருந்துகள் வராமல் போயின. பிறகு கோவிலில் பூசைக்கு வேண்டிய ரசம் வரவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வெள்ளைக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர்.

"நம்மிடம் இருக்கிற ரசம் ஆண்டின் நடுவரைக்கும் போதும். அதன்பின் போதாது" என்றார். "உம்முடைய தோட்டத்து ரசம் தேவைப்படும் போலிருக்கிறது. ஆனால் பூசை விதிப்படி சர்க்கரை கூடாது. பழத்தின் சாறு மட்டும். கூடுமா?"

"கூடும் சாமி" என்றார் அப்பா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீடு வரும்வரை அவர் கால் தரையில் படவில்லை. ரோட்டில் தார் ஊற்றியவனின் கையால் ரசம், அது பீடத்தில் நிற்கப்போகிறது. அப்பா அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை, அன்று மத்தியானம் அம்மாவிடம் வேறொரு விதமாகச் சொன்னார்: "நம்ம ஊர்ல எங்க அப்பாரு பழம்தான் கொடுத்தாரு கோவிலுக்கு. ரசம் கொடுத்ததில்ல."

நான் கணக்குப் போட்டேன். கோவிலுக்கு வேண்டியது, இந்தப் பக்கத்துச் சிறிய கோவில்களுக்கும் சேர்த்து, ஐந்து ஜாடி. மேடு ஒரு ஜாடி தரும். நடு நல்ல மகசூலில் ஒன்று. மிச்சம் மூன்றும் பள்ளத்தில்தான் இருந்தன. அந்த மூன்றும் ஐம்பதில் இருந்தன.

"ரெண்டு ஜாடி தரலாம்பா. அத மட்டும் சொல்லிட்டு வந்துரலாம்."

"கேட்டது அஞ்சு."

"பள்ளத்துல சர்க்கரை ஏறாது. மண்ணு அப்படி. தண்ணிய விட மாட்டேங்குது, கொடி குடிச்சிக்கிட்டே இருக்கு."

"அதான். குடிக்க விடக் கூடாது."

அப்போதுதான் வேர் காயப்போடுவதைப் பற்றி முதன்முறை கேட்டேன். அவர் ஊரில் கவாத்துக்கு முன்பு கொடியின் அடியைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, வேரை வெளியே தெரியவிடுவார்களாம். சிறு வேர்களை அறுத்துவிட்டு, தடித்த வேர்களை வெயிலில் கிடத்துவார்கள். தண்ணீர் கிடையாது. இலை பழுத்துக் கொட்டும். கொடி செத்ததுபோல் நிற்கும். பிறகு எருவோடு மண்ணை மூடித் தண்ணீர் விட்டால், ஒரே நேரத்தில் எல்லாக் கண்ணும் விழிக்கும். அப்படி வருகிற காய்தான் இனிக்கும்.

"வேரு வெயிலப் பாக்கணும்" என்றார் அப்பா. "அப்பத்தான் கொடிக்குப் பயம் வரும். பயந்த கொடிதான் இனிப்பாக் காய்க்கும்."

"இங்க வெயிலப் பாக்குறதுக்கு முன்னாடி மழையப் பாத்துருமேப்பா."

"தை மாசம் காயும். நான் ரோட்டுல நின்னு பாத்திருக்கேன். உனக்கு முன்னாடியிருந்து பாக்கிறேன்."

அது உண்மைதான். ஜனவரியில் மலாக்காவில் மழை குறையும். ஆனால் குறையும் என்பது நிற்கும் என்பதல்ல. நான் மூன்று இடத்திலும் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மேடு, நான் கை துடைத்து முடிப்பதற்குள் குடித்துவிட்டது. நடுவில் சாயங்காலம் குழி ஈரமாக மட்டும் இருந்தது. பள்ளத்துக் குழியில் மறுநாள் காலை வானம் தெரிந்தது. அப்பாவை அழைத்துவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார்.

"சரி, வேற வழி சொல்லு."

சொன்னேன். பள்ளத்தைச் சுற்றி ஆழமாக லோங்கான் என்கிற வடிகால் வெட்டித் தண்ணீரை வயலுக்கு வடிய விடலாம். மேட்டுச் சரளையைக் கொண்டுவந்து கொட்டி, கரை கட்டி, புதுப் போத்துகளைக் கரைமேல் நடலாம். இரண்டு ஆண்டில் பலன் தெரியும்.

"ரெண்டு வருசத்துக்குச் சாமி பூசைய நிறுத்தி வைப்பாரா?"

அம்மா அடுக்களையிலிருந்து சொன்னார்: "வாக்குக் கொடுத்துட்டாரு. இனிமே மண்ணு பேசினா என்ன, நீ பேசினா என்ன."

ஜனவரியில் மழை விட்டது. அப்பாவும் அண்ணனும் பள்ளத்தில் ஒவ்வொரு கொடியாக அடிமண்ணை ஒதுக்கினார்கள். களிமண் ஈரமாகக் கட்டி கட்டியாக வந்தது. வேர்கள் நான் நினைத்ததைவிட மேலாகவே இருந்தன. கீழே காற்று இல்லாததால் ஆழம் போகாமல் பக்கவாட்டில் ஓடியிருந்தன. செட்டி மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயில் வெற்றிலையோடு பார்த்தார்.

"மாச்சாம் மானா போகோக் தீடோர் தாடா செலிமுட்?" என்று கேட்டார். போர்வை இல்லாமல் மரம் எப்படித் தூங்கும் என்று அர்த்தம்.

"தூங்கறதுக்கு இல்ல மாமி, பயங்காட்டறதுக்கு" என்று அண்ணன் மலாயில் சொல்லிச் சிரித்தார்.

மாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "என் காடி?" என்றார்.

அப்பா நிமிராமலே, "இனிமே காடி கெடையாது. எல்லாம் ரசம்தான்" என்றார்.

வெயில் அடித்தது. சொன்னால் நம்ப மாட்டார்கள், அப்படி ஒரு வெயில். பள்ளத்து மண் வெடித்தது. ஒதுக்கிப் போட்ட களிமண் ஓடு போல் காய்ந்தது. இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, காற்றில்லாமலேயே விழத் தொடங்கின. இந்த ஊரில் திராட்சை இலை தானாக உதிர்ந்து நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து வந்ததும் நேரே பள்ளத்துக்குப் போய்ப் பார்ப்பேன். அப்பா பந்தலின் கீழே நின்றிருப்பார். மேலே இலையில்லாததால் அவர்மேல் முழு வெளிச்சம் விழும்.

"இப்ப என்ன சொல்ற?" என்பார்.

"நல்லாத்தான் இருக்குப்பா" என்றேன். நல்லாத்தான் இருந்தது. நான் தப்பாகக் கணித்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

இன்னும் சில நாளில் எரு போட்டு மூடுவதாக இருந்தது. அந்த ஞாயிறு பூசையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். தெங்கேரா பக்கம், கடலுக்கு மேலே, வானம் கறுத்தது. அப்பா சோற்றில் வைத்த கையோடு எழுந்துவிட்டார்.

மழை பெய்ததை விவரிக்க ஒன்றும் இல்லை. இந்த ஊரில் எல்லோரும் பார்க்கிற மழைதான். அண்ணன் கோழிக்கூண்டின் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அம்மா சாக்குகளைக் கொண்டுவந்தார். செட்டி மாமி வீட்டிலிருந்து இரண்டு கித்தான் வந்தது. சில கொடிகளின் அடியை மூடினோம். ஆனால் வேர் தெரியத் தோண்டிய ஒவ்வொரு வட்டமும் ஒரு கிண்ணம். மேலே மூடினாலும், சரிவிலிருந்து இறங்கிய தண்ணீர் பக்கவாட்டில் வந்தது. வயல் பக்கம் நானும் அப்பாவும் மழையிலேயே அவசரமாக வெட்டிய வாய்க்கால் வழியே முதலில் தண்ணீர் வெளியே போயிற்று. பிறகு வயல் நிறைந்தது. அதே வாய்க்கால் வழியே தண்ணீர் உள்ளே வந்தது.

நான் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தேன். இறைத்து வெளியே ஊற்றலாம்: ஊற்ற இடமில்லை. மண்ணைத் தள்ளி மூடலாம்: சேறு வேரைச் சுற்றி இறுகும், காற்று போகாது. மூடாமல் விடலாம்: வேர் தண்ணீரில் ஊறும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் அடிக்க ஒன்றுமில்லாமல் வாளியோடு நின்றேன். அப்பா முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு கொடியின் அடியில் குந்தி, இரண்டு கையாலும் வேர்மேல் சேற்றை அள்ளி அப்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டிருந்தது.

"போதும்பா, எந்திரிங்க" என்று அண்ணன் கத்தினார்.

"மூடிட்டு வர்றேன். மூடிட்டு வந்துர்றேன்."

மழை அன்றோடு நிற்கவில்லை. தண்ணீர் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. வடிந்ததும் எரு கலந்து மண்ணை மூடினார்கள். நான் ஓரத்துக் கொடி ஒன்றில் ஒரு துண்டு வேரை வெட்டி எடுத்துப் பார்த்தேன். நல்ல வேரை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். இதில் தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது. உள்ளே பழுப்பு, சாக்கடை வாசம். இன்னும் நான்கைந்து கொடிகளில் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன.

அப்பாவிடம் வேரைக் காட்டிச் சொன்னேன். மோந்து பார்த்தார். "ஓரத்துல அப்படித்தான் இருக்கும். உள்ள தள்ளி இருக்கிறது பொழைக்கும்" என்றார். உள்ளே தள்ளி இருந்ததையும் காட்டினேன். வேரை என் கையிலிருந்து வாங்கி, மண்ணுக்குள்ளேயே திரும்ப வைத்து மூடினார்.

பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பள்ளம் துளிர்த்தது.

ஒரே வாரத்தில், எல்லாக் கொடியிலும், எல்லாக் கண்ணும். அப்பா சொன்னதுபோலவே. இளம்பச்சைத் துளிர், அதன் நுனியில் சிவப்பு, சிலவற்றில் பூங்கொத்தின் சின்ன முடிச்சும் தெரிந்தது. பல ஆண்டுகளில் பள்ளம் அப்படி அழகாக இருந்ததில்லை. கொடி தன் தண்டில் சேர்த்துவைத்திருக்கிற சத்தைக்கொண்டு, வேர் இல்லாமலே சில வாரம் துளிர்க்கும். வெட்டிவைத்த குச்சிகூட அப்படித் துளிர்க்கும். போத்து நடுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பாவுக்கும் தெரியும்.

அவர் சாமியாரை அழைத்துவந்தார். சாமியார் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு களிமண்ணில் இறங்கினார். துளிர்களைப் பார்த்து, "எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு" என்றார். தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். செட்டி மாமியும் வேலியோரம் நின்று கும்பிட்டார். நான் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். சாமியார் மந்திரித்து முடித்து என்னைப் பார்த்து, "நீ கற்றவள். எத்தனை ஜாடி வரும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை, தடுக்கிற பார்வையும் இல்லை. அவருக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"பள்ளத்துல வேர் அழுகியிருக்கு சாமி. இந்தத் துளிர் நிக்காது" என்றேன்.

சாமியார் துளிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சர்வேசுரனுடைய சித்தம்" என்று மெல்லச் சொன்னார். அவர் போன பிறகு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாதா உனக்கு? நான் என்ன கொலையாப் பண்ணச் சொல்றேன்?" என்றார். அப்பா தினமும் போய்ப் பள்ளத்தில் நின்றார்.

துளிர்கள் விரல் நீளம் வளர்ந்தன. ஒரு மத்தியானம் வெயிலில் தொங்கின. சாயங்காலம் நிமிர்ந்தன. மறுநாளும் தொங்கின, நிமிரவில்லை. ஈரம் மண்ணில் நிறைய இருந்தது. கொடிகள் அந்த ஈரத்தின் நடுவில் நின்று தண்ணீர் இல்லாமல் வாடின. அப்பா ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஒரு கொடிக்கு ஊற்றினார். ஊற்றினால் ஆகாது என்று அவருக்குத் தெரியும். நானும் தடுக்கவில்லை. நோயாளியின் வீட்டார் கடைசி நேரத்தில் வந்து, கொடுக்க வேண்டாத மருந்தைக் கொடுக்கச் சொல்வார்கள். டாக்டர் தலையசைப்பார். நான் கலந்து கொடுத்திருக்கிறேன்.

மேடும் நடுவும் மிஞ்சின. ஆனால் அந்த ஆண்டு மழை தன் முறையை மறந்துவிட்டது. காய் நிறம் மாறுகிற மாதத்தில் விடாமல் பெய்தது. நடுவில் பழம் வெடித்து, ஈ மொய்த்து, கொத்தோடு போயிற்று. மேட்டில் சரளை தன்னால் ஆனதைச் செய்தது. பழம் வெடிக்கவில்லை, ஆனால் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மேட்டுப் பழம் பெரிதானால் உள்ளே ஏறியிருப்பது தண்ணீர்.

பறித்த அன்று, பின்கட்டில் எல்லோரும் சுற்றி நிற்க, சாற்றை வடிகட்டி, பாதித் தண்ணீர் கலந்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றினேன். மிதவை ஆடி நின்றது. இரட்டித்தேன்.

"எவ்வளவு?" என்றார் அப்பா.

"ஐம்பத்தெட்டு."

"இன்னொரு தடவ பாரு."

பார்த்தேன். வேறு கூடையிலிருந்து எடுத்தும் பார்த்தேன். அண்ணன் கண்ணாடியை வாங்கி, தானே ஒருமுறை பார்த்தார்.

அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு படி சர்க்கரை போட்டா எழுபது காட்டாதா?"

"காட்டும்மா."

"சாமியாருக்கு நாக்குல தெரியுமா?"

"தெரியாது."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தொட்டிச் சாற்றில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். "இது மேட்டு ரசமே இல்ல" என்றார். பிறகு, "இத மாமிக்குக் கொடுத்துரு. அச்சாருக்கு ஆகும்" என்றார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும், அப்பாவும் நானும் சாமியாரைப் பார்க்கப் போனோம். அப்பா வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, தலைப்பாகையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"ஸ்தோத்திரம் சாமி. என்னால முடியல. ஒரு ஜாடிகூட ஆகல."

சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வருத்தப்பட வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து நேற்றுப் பெட்டி வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். ஓராண்டுக்குப் போதும்." அப்பாவின் முகத்தைப் பார்த்து, இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு புட்டியைக் கொண்டுவந்து, அடைப்பை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா குடிக்கவில்லை. புட்டியின் வாயை மூக்கருகில் வைத்து மோந்தார். கண்ணை மூடி, மறுபடியும் மோந்தார்.

"இது எந்த மண்ணு சாமி?"

"அதெல்லாம் எழுதவில்லையே."

"சரளை மண்ணு" என்றார் அப்பா. "மழையே பாக்காத மண்ணு." புட்டியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது தூறத் தொடங்கியது. ஒரே குடைக்குள் இருவரும் நடந்தோம். சாலைத் திருப்பத்தில் அப்பா கேட்டார்.

"வேர் காயப்போடாம விட்டிருந்தா, பள்ளம் இந்த வருசம் எவ்வளவு காட்டியிருக்கும்?"

"எப்பவும் ஐம்பதுதான். இந்த மழைக்கு நாற்பது வந்திருந்தா அதிகம்."

"அப்ப எப்படியும் சாமிக்கு ரசம் ஆயிருக்காது."

"ஆயிருக்காதுப்பா."

சற்றுத் தூரம் நடந்தார். "நீ சொன்னத நான் கேட்டிருந்தாலும் ஆயிருக்காது."

"இல்லப்பா. கொடி மட்டும் இருந்திருக்கும்."

"கொடி மட்டும்" என்று அப்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மழை வலுத்தது. பக்கத்துக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். முன்பே ஒதுங்கியிருந்த சிலர் எங்களுக்கு இடம் விட்டார்கள். சாலையின் சிவப்பு மண் கரைந்து லோங்கானில் ஓடிக்கொண்டிருந்தது. மழை நிற்கும் என்று நின்றோம்.